இணையவழிப் பாடம் எல்லா மாணவருக்கும் எட்ட: திருகோணமலை ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

குறிப்பைத் தட்டி, பிடிஎஃப் ஆக்கி, வட்ஸ்அப் குழுவில் போட்டாயிற்று. அது யார் கையில் எப்படித் திறக்கிறது என்று பார்க்க நமக்கு நேரம் இருப்பதில்லை. நிலாவெளிப் பக்கம் விடுதியில் இருக்கும் மாணவி மடிக்கணினியில் திறப்பாள். ஈச்சிலம்பற்றுப் பையன் அண்ணனுடைய பழைய போனில், மிச்சமிருக்கிற டேட்டாவைப் பார்த்துப் பார்த்துத் திறப்பான். விழிப்புலனற்ற மாணவர் திரையைப் பார்க்கப் போவதில்லை. போனில் உள்ள திரை வாசிப்பான் வாசிப்பதைக் காதால் கேட்பார். செவிப்புலனற்ற மாணவிக்கு உங்கள் ஒரு மணி நேர வீடியோ வெறும் வாயசைப்பு. இவர்களுக்காக நாலு விதமாகப் பாடம் தயாரிக்கத் தேவையில்லை. ஒரே பாடத்தை ஒழுங்காகச் செய்தால் நாலு பேருக்கும் போதும்.

முதன்முதலாகப் பாடத்தை இணையத்தில் ஏற்றப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடசாலை ஆசிரியராக இருக்கலாம், ரியூட்டரி நடத்துபவராக இருக்கலாம், வளாகத்தில் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளராகவும் இருக்கலாம். வேர்டில் தட்டத் தெரிந்தால் போதும். இது இரக்கப்பட்டுச் செய்கிற உபகாரமும் அல்ல. வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனங்களில் சேர்க்கும்போது அவர்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. இது தொடர்பான ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்டது. பிள்ளையைச் சேர்த்துவிட்டு, வாசிக்க முடியாத குறிப்பைக் கையில் கொடுத்தால் சேர்த்து என்ன பயன்?

முதலில் எழுத்தைப் பாருங்கள்

இணைய உள்ளடக்கத்தை எல்லோருக்கும் ஏற்றதாக்க டபிள்யூசிஏஜி என்ற உலகளாவிய நெறிமுறை இருக்கிறது. அதன் 2.2 ஆம் பதிப்பு 2023 இல் வந்தது. நல்ல ஆவணம்தான். ஆனால் அதை விளக்கும் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலப் பாடத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கோப்பில் உள்ள எழுத்து எழுத்தாகவே இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, அதற்கு மேலே பேசுகின்றன. நமக்கு அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: பாமினி.

பாமினி எழுத்துருவில் தட்டினால் திரையில் அழகாகத் தமிழ் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகள். ‘அம்மா’ என்று நீங்கள் காணும் சொல் கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரை வாசிப்பான் வாசிப்பதும் அதைத்தான். ஒரு பக்கம் முழுக்க இப்படிக் கேட்டுப் பாருங்கள், அரை நிமிடம் தாங்காது. அந்த எழுத்துரு இல்லாத போனில் வேர்ட் கோப்பைத் திறந்தால் கண் தெரிந்தவருக்கும் அதே கதிதான். கோப்புக்குள் ஒரு சொல்லைத் தேடவும் முடியாது. யூனிக்கோடுக்கு (எந்தக் கருவியும் தமிழைத் தமிழாகவே அறிகிற பொதுக் குறியீட்டு முறை) முந்திய மற்ற எழுத்துருக்களும் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

சந்தேகமாக இருந்தால் ஒரு வரியைக் கொப்பி பண்ணி வட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் யூனிக்கோட். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டினால் பாமினி.

பழைய கோப்புகளை மாற்ற இணையத்தில் இலவச மாற்றிகள் நிறைய உண்டு. ஒட்டினால் மறு பக்கம் யூனிக்கோடாக வரும். ‘விரல் பாமினிக்குப் பழகிவிட்டதே’ என்பவர்கள் பழக்கத்தை மாற்றத் தேவையில்லை. என்ஹெச்எம் ரைட்டர் போன்ற மென்பொருளில் பாமினி விசை அமைப்பிலேயே யூனிக்கோட் தட்டலாம்.

மாற்றிய பிறகு ஒரு களை எடுப்பு வேலை இருக்கிறது. இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பாமினிக் காலத்தில் ‘ர்’ எழுத வேண்டிய இடத்தில் துணைக்காலைத் தட்டி அதன் மேல் புள்ளி வைக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. மாற்றி அதை அப்படியே காலும் புள்ளியுமாகக் கொண்டுவந்துவிடும். ‘அவர்கள்’ என்று நம் கண் வாசிக்கும். திரை வாசிப்பான் தடுக்கி விழும். ‘ஆசிரியர்’ என்று தேடினால் அந்தப் பக்கம் அகப்படாது. வேர்டில் ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ் திறந்து, ‘ா்’ என்பதை ‘ர்’ என்றும், ‘ாி’ என்பதை ‘ரி’ என்றும், ‘ாீ’ என்பதை ‘ரீ’ என்றும் மொத்தமாக மாற்றிவிடுங்கள். சரியான தமிழில் காலுக்குப் பின்னால் புள்ளியோ ‘ி’, ‘ீ’ குறிகளோ வரவே வராது. அதனால் பயமில்லாமல் ‘எல்லாவற்றையும் மாற்று’ கொடுக்கலாம். இதே மாதிரி ‘ஔவையார்’ பல குறிப்புகளில் ஒ, ள என்று இரண்டு எழுத்தாக உட்கார்ந்திருப்பார். அவரையும் சரி செய்துவிடுங்கள்.

இன்னொன்று, நம் நோட்ஸில் எங்கு பார்த்தாலும் ‘உ+ம்’ இருக்கும். கண்ணுக்கு அது உதாரணம். காதுக்கு அது நடுவில் ஒரு கூட்டல் குறி. ‘உதாரணமாக’ என்று முழுதாக எழுதினால் என்ன குறைந்துவிடும்?

போட்டோ பிடித்த நோட்ஸ்

கையெழுத்துக் குறிப்பையோ கடந்தகால வினாத்தாளையோ போனில் படம் பிடித்து பிடிஎஃப் ஆக்கி அனுப்புவது நமக்குச் சுலபம். ஆனால் அதில் ஓர் எழுத்துகூட இல்லை, இருப்பதெல்லாம் படம். திரை வாசிப்பானுக்கு அது வெற்றுத்தாள். சின்னத் திரையில் வாசிப்பவர் ஒவ்வொரு வரிக்கும் இழுத்து இழுத்துப் பெரிதாக்க வேண்டும். எழுத்தாக இருந்தால் சில நூறு கிலோபைட்டில் முடிகிற பாடம், படமாகப் போனால் பல மெகாபைட் தின்னும்.

அச்சில் உள்ளதை மாற்றுவது எளிது. படத்தைக் கூகுள் ட்ரைவில் ஏற்றி, வலது கிளிக் செய்து, கூகுள் டாக்ஸில் திறக்கச் சொல்லுங்கள். படத்துக்குக் கீழே எழுத்து தனியாக வந்திருக்கும். தமிழையும் ஓரளவு நன்றாகவே பிடிக்கும். இரண்டு பத்தியாக அச்சிட்ட தாள் என்றால் வரிகள் குழம்பும், ஒரு தடவை வாசித்துத் திருத்த வேண்டும்.

கையெழுத்துக்கு அது சரிவராது. அதற்கு நான் பரிந்துரைப்பது வாயால் தட்டுவது. போனில் ஜீபோர்ட் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, மைக் படத்தை அழுத்தி, உங்கள் குறிப்பை நீங்களே வாசியுங்கள். எழுதிக்கொண்டே போகும். வகுப்பில் பாடம் சொல்லிப் பழகிய குரலுக்கு இது பொருத்தமான வேலை. காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் பிறகு நீங்கள்தான் போட வேண்டும்.

தலைப்பு என்றால் தலைப்பு

எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் நம் கண்ணுக்குத் தலைப்பு. கணினிக்கு அது பெரிய எழுத்தில் உள்ள இன்னொரு வரி மட்டுமே. வேர்டில் தலைப்பு வரியில் நின்றுகொண்டு கண்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அது முதல்நிலைத் தலைப்பு. உபதலைப்புக்கு 2, அதற்குள் வருவதற்கு 3. கூகுள் டாக்ஸிலும் இதே விசைகள்தான். மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் பாடப் பக்கத்தை எழுதும் பெட்டியிலும் தலைப்பு நிலைகளைத் தெரிவு செய்யலாம். தோற்றம் பிடிக்கவில்லை என்றால் அந்தப் பாணியையே திருத்துங்கள், தலைப்பை ஒவ்வொன்றாகச் சோடிக்காதீர்கள்.

இதனால் யாருக்கு என்ன லாபம்? கணினியில் என்விடிஏ என்ற இலவசத் திரை வாசிப்பானில் படிப்பவர், இணையப் பக்கத்தில் எச் விசையைத் தட்டித் தலைப்புத் தலைப்பாகத் தாவுவார். தலைப்பே இல்லாத நாற்பது பக்கக் குறிப்பில் அவர் முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டும். கண் தெரிந்தவர்களுக்கும் பக்கவாட்டில் பொருளடக்கம் தானாக வந்துவிடும்.

இலக்கமிட்ட பட்டியலையும் மென்பொருளின் பட்டியல் பொத்தானாலேயே போடுங்கள். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி வரிசை கட்டிய பட்டியல் போனில் திறந்ததும் சிதறும்.

தமிழ் எழுத்துக்கு ஏற்ற தோற்றம்

ஆங்கிலத்துக்குச் சொன்ன அலங்காரம் எல்லாம் தமிழுக்குப் பொருந்தாது. முக்கியமான சொல்லுக்கு அடிக்கோடு போடுகிறோம்; அந்தக் கோடு கு, மு, ரூ போன்றவற்றின் கீழ்ச்சுழியை வெட்டிக்கொண்டு போகும். பார்வை மங்கியவருக்கு மு எது, மூ எது என்று தெரியாது. தடித்த எழுத்துப் போதும். சாய்வெழுத்தையும் விட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் வரியை இழுத்துச் சமப்படுத்துவதும் வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, நடுவில் பெரிய பெரிய இடைவெளி விழும். இடது பக்கம் ஒழுங்காக இருந்தால் போதும். வரி இடைவெளி 1.5, எழுத்தளவு 12க்குக் குறையாமல். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் நிர்மலா. கல்யாணக் கார்டு எழுத்துருக்கள் கார்டிலேயே இருக்கட்டும்.

படத்துக்கு மாற்று உரை

ஒவ்வொரு படத்தின் பின்னாலும் அது என்ன என்று ஓரிரு வரி எழுதி வைக்கலாம். இதுதான் மாற்று உரை. படம் தெரியாதவருக்குத் திரை வாசிப்பான் அதை வாசித்துக் காட்டும். வேர்டில் படத்தின் மேல் வலது கிளிக் செய்தால் ஆல்ட் டெக்ஸ்ட் என்று இருக்கும். மூடிலில் படத்தை ஏற்றும்போதே கேட்கும். அந்தப் பெட்டியைக் கண்டும் காணாமல் தாண்டிப் போகாதீர்கள்.

என்ன எழுதுவது என்பதுதான் விஷயம். ‘படம் 3’ என்று எழுதுவதும் ஒன்றுதான், எழுதாமல் விடுவதும் ஒன்றுதான். புவியியல் பாடத்தில் கொட்டியாரக்குடாவின் வரைபடம் ஒன்றைப் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாடம் ஆறுகளைப் பற்றியது என்றால் இப்படி எழுதலாம்: ‘கொட்டியாரக்குடா வரைபடம். குடா கிழக்கே வங்காள விரிகுடாவைப் பார்த்துத் திறந்திருக்கிறது. தென்கரையில் மூதூருக்கு அருகே மகாவலி கடலில் சேர்கிறது.’ அதே வரைபடம் இயற்கைத் துறைமுகம் பற்றிய பாடத்தில் வந்தால் மகாவலியை விட்டுவிடலாம்: ‘குடாவின் வடமேற்கு மூலையில், நிலம் சூழ்ந்த உள்துறைமுகம். ஒடுங்கிய வாயில் வழியாகக் குடாவுடன் இணைகிறது.’ படம் ஒன்று, உரை இரண்டு. மாணவர் இந்தப் படத்திலிருந்து எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உங்களையே கேட்டுக்கொண்டால் வரி தானாக வரும்.

அது பரீட்சைக் கேள்விக்கான படம் என்றால் உரையில் விடையைச் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘அ என்று குறித்த இடம் தென்கரையில், ஆறு ஒன்று கடலில் சேரும் இடத்தில் உள்ளது’ என்று நிறுத்தலாம்.

பூ வேலைப்பாடு, ஓரக்கோடு போன்ற அலங்காரங்களுக்கு உரை தேவையில்லை. அவற்றை அலங்காரம் என்று குறித்துவிட வேர்டில் ஒரு பெட்டி உண்டு. ஆனால் விளம்பரம் மாதிரி வடிவமைத்து உள்ளே திகதியும் நேரமும் எழுதிய படம் அலங்காரம் அல்ல. வகுப்பு நேரம் மாறியதை அப்படிப் படமாக மட்டும் போட்டால், சிலர் பழைய நேரத்துக்குத்தான் வருவார்கள். அதே செய்தியைக் கீழே தட்டியும் விடுங்கள்.

நிறம், சுட்டி, அட்டவணை

புறாமலைப் பவளப்பாறைகளைப் பற்றிய விளக்கப்படத்தில் உயிருள்ள பகுதி பச்சை, வெளிறிச் செத்த பகுதி சிவப்பு என்று தீட்டினால், சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாத மாணவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நிறம் இருக்கட்டும், கூடவே ஒன்றுக்குக் கோடு, மற்றதற்குப் புள்ளி போட்டு, பெயரையும் எழுதுங்கள். ‘சிவப்பில் உள்ளவற்றை மனனம் செய்க’ என்ற கட்டளையும் இதே கோளாறுதான். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது டபிள்யூசிஏஜி. பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும். வெள்ளையில் மஞ்சள், நீலத்தில் சிவப்பு எல்லாம் இதில் தோற்கும். மத்தியான வெயிலில் முற்றத்தில் நின்று போனில் வாசித்துப் பாருங்கள், கருவி இல்லாமலே தெரிந்துவிடும்.

‘இங்கே கிளிக் செய்க’ என்று ஐந்து சுட்டிகள் போட்டால், சுட்டிகளை மட்டும் வரிசையாகக் கேட்பவருக்கு ஐந்தும் ஒன்றே. ‘அலகு 3 செயலட்டை’ என்று சுட்டிக்குப் பெயரிடுங்கள்.

அட்டவணைக்கு முதல் வரிசையைத் தலைப்பு வரிசை என்று குறியுங்கள், கட்டங்களை ஒன்றாக இணைக்காதீர்கள். நேரசூசியில் ‘இடைவேளை’ என்று எல்லாக் கட்டங்களையும் ஒன்றாக்கி நீளமாக எழுதுவதை விட, ஒவ்வொரு நாளுக்கும் தனியாக எழுதினால் கேட்பவருக்கு வழி தப்பாது. கணிதச் சமன்பாட்டைப் படமாக ஒட்டாமல் வேர்டின் ஈக்குவேஷன் வசதியிலேயே எழுதுங்கள். பின்னம் எது, வர்க்கமூலம் எது என்பது அப்போதுதான் கோப்புக்குள் பதியும்.

வீடியோவும் குரல் பதிவும்

வீடியோவில் நாம் எல்லோரும் பேசுகிற பேச்சு இது: ‘இதைப் பாருங்கோ, இது இப்படி வந்து இங்க சேருது.’ எது, எப்படி, எங்கே? திரையைப் பார்க்காதவருக்கு ஒன்றும் விளங்காது. பஸ்ஸில் இருந்து காதில் மாட்டிக் கேட்பவருக்கும் விளங்காது. ‘மகாவலி தெற்கிலிருந்து வந்து மூதூருக்குப் பக்கத்தில் கடலில் சேருது’ என்றால் எல்லோருக்கும் விளங்கும். சுட்டிக்காட்டுகிற பொருளின் பெயரை வாயால் சொல்வது. இந்த ஒரு பழக்கம் போதும், எந்தக் கருவியும் தேவையில்லை.

சப்டைட்டிலுக்கு யூட்யூப்பில் எழுத்துரையை, அதாவது பேசியதை அப்படியே தட்டிய உரையை, நீங்களே ஒட்டலாம்; பேச்சோடு அதைப் பொருத்திக்கொள்ள வசதி உண்டு. தானாக வரும் சப்டைட்டிலை மட்டும் நம்பிவிடாதீர்கள். வட்டார உச்சரிப்பிலும் பாடச் சொற்களிலும் அது தாறுமாறாக எழுதும். வெளியிடுவதற்கு முன் வாசித்துத் திருத்துங்கள். முழு எழுத்துரைக்கு நேரமில்லை என்றால், வீடியோவின் கீழே எந்த நிமிடத்தில் எந்த விஷயம் என்று பட்டியலிட்டு, முக்கியமான வரையறைகளை மட்டும் தட்டி விடுங்கள். முழுமை இல்லைதான், ஆனால் வெறுமையை விட எவ்வளவோ மேல். வட்ஸ்அப் குரல் செய்திக்கும் இதே முறை: கீழே இரண்டு வரிச் சுருக்கம்.

ஒரு மணி நேரத்தை ஒரே வீடியோவாக விடாமல் பத்துப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக்குங்கள். பாதியில் அறுந்தால் முதலிலிருந்து இறக்க வேண்டியதில்லை. வெண்பலகையும் குரலும் மட்டும் உள்ள பாடத்துக்கு 480பி தரமே தாராளம்.

பவர்பாயிண்டில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தலைப்புப் பெட்டியில் வெவ்வேறு தலைப்பு இருக்கட்டும். ஆல்ட், எஃப்10 அழுத்தினால் ஸ்லைடில் உள்ள பொருட்களின் பட்டியல் வரும். அதில் கீழே இருப்பதே முதலில் வாசிக்கப்படும். வரிசை தலைகீழாக இருந்தால் இழுத்து மாற்றிவிடலாம்.

சேமிக்கும்போது

வேர்டிலிருந்து பிடிஎஃப் ஆக்கும்போது பிரிண்ட் வழியாகப் போகாதீர்கள். அந்த வழியில் நீங்கள் போட்ட தலைப்பு நிலைகளும் மாற்று உரைகளும் பெரும்பாலும் தொலைந்துவிடும். சேவ் ஆஸ் சென்று பிடிஎஃப்பைத் தெரிவு செய்து, ஆப்ஷன்ஸ் உள்ளே அக்சசிபிலிட்டி என்ற சொல் வரும் பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு முன் ரிவியூ பட்டியலில் செக் அக்சசிபிலிட்டி என்பதை ஒரு தடவை ஓட்டினால் விடுபட்ட மாற்று உரை, தலைப்பு வரிசை இல்லாத அட்டவணை எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டும். பாமினியை மட்டும் அது பிடிக்காது. அதைப் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

முடிந்தால் வேர்ட் கோப்பையும் கூடவே கொடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கவும் பின்னணி நிறத்தை மாற்றவும் அதில்தான் வசதி. கோப்பின் பெயர் ‘நோட்ஸ் புதுசு பைனல் 2’ என்று இருக்கக் கூடாது. ‘புவியியல் தரம் 11 அலகு 3’ என்றால் பத்துக் கோப்புகளுக்கு நடுவிலும் கண்டுபிடிக்கலாம்.

இணையவழிப் பரீட்சை

திரை வாசிப்பானில் கேட்டு விடை எழுத நேரம் கூடுதலாகப் பிடிக்கும். மூடில் வினாடிவினாவில் குறிப்பிட்ட மாணவருக்கு மட்டும் நேரத்தைக் கூட்டிக் கொடுக்க ‘யூசர் ஓவர்ரைட்’ என்ற வசதி இருக்கிறது. மற்ற மாணவர்களுக்கு அது தெரியவராது. படத்தை இழுத்துப் பொருத்தும் வினாக்களுக்குப் பதிலாகத் தெரிவு வினா கொடுத்தால் மவுஸ் பிடிக்க முடியாதவரும் செய்வார்.

காதால் ஒரு பரிசோதனை

ஏற்றிய பிறகு நீங்களே கேட்டுப் பாருங்கள். ஆண்ட்ராய்ட் போனில் செட்டிங்ஸ் உள்ளே அக்சசிபிலிட்டி சென்றால் டாக்பேக் என்ற திரை வாசிப்பான் இருக்கும். முதன்முதலாகப் போடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: டாக்பேக் ஓடும்போது ஒரு தட்டு வாசிக்க மட்டுமே, திறக்க இரண்டு தட்டு. தெரியாமல் போட்டுவிட்டுப் போன் பழுதாகிவிட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு. இது சிக்கலாகத் தோன்றினால் அதே இடத்தில் செலக்ட் டு ஸ்பீக் இருக்கும். அதை இயக்கி, பாடத்தின் மேல் தட்டினால் வாசிக்கும். தமிழ்க் குரல் வராவிட்டால் கூகுளின் பேச்சு அமைப்பில் தமிழை இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தைக் கண்ணை மூடிக் கேட்டு, அலகின் மூன்று முக்கிய விஷயங்களைச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். தடுக்கிய இடத்தைத் திருத்துங்கள்.

பழைய கோப்புகள் மலையாகக் குவிந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே விடுமுறையில் முடிக்கிறேன் என்று இறங்கினால் பாதியில் அலுத்துவிடும். வருகிற தவணையில் படிப்பிக்கப் போகும் அலகை முதலில் எடுங்கள், அதிலும் பாமினியையும் போட்டோ பிடிஎஃப்பையும் முதலில் மாற்றுங்கள். மாற்று உரை அடுத்தது. சென்ற வருடத்தவை, யாராவது கேட்கும் வரை கிடக்கட்டும்.

பாடநெறியின் முதல் பக்கத்திலேயே, ‘குறிப்பை வேறு வடிவில் வேண்டுவோர் எனக்குத் தனியே செய்தி அனுப்பலாம்’ என்று ஒரு வரி போட்டு வையுங்கள். குழுவில் எல்லோர் முன்னாலும் ‘யாருக்குக் கண் தெரியாது?’ என்று கேட்காதீர்கள், யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். செய்தி வந்தால் எந்தப் போன், எந்தச் செயலி பாவிக்கிறீர்கள் என்று கேட்டு, ஒரு பக்கத்தை மாதிரிக்கு அனுப்பி, சரியாக வாசிக்கிறது என்று அவர் சொன்ன பிறகு மிச்சத்தை அதே முறையில் செய்யுங்கள்.